நெடா ஏறிப் பார்த்த சைக்கிள்

மனோலிடம் சைக்கிளைப் பற்றி யோசனை கேட்டுவிட்டு அரைமணி நேரத்துக்குள் தப்பியவர்கள் கிடையாது. மலையூரான செப்பெலாரேயில் யார் வீட்டில் மலைச் சைக்கிள் வாங்கினாலும் முதலில் மனோல் தலையாட்ட வேண்டும். பனிச்சறுக்கு லிஃப்டுகளுக்கு வெல்டிங் செய்வது அவன் பிழைப்பு. சைக்கிள்தான் அவன் மதம். கையில் கொஞ்சம் பணத்தோடு வருகிறவனிடம் எப்போதும் ஒரே பாட்டுதான். பின்னாலும் ஸ்பிரிங் இருக்கிற வண்டிக்கு ஆசைப்படாதே, அந்தக் காசுக்குக் கிடைக்கிற ஸ்பிரிங் மெத்தைக்குத்தான் லாயக்கு. முன்னால் மட்டும் நல்ல ஸ்பிரிங், நடுவில் உடையாத சட்டம், பிடித்தால் நிற்கிற பிரேக். மற்றதெல்லாம் தேயத் தேய மாற்றிக்கொள்ளலாம்.

அந்த வருடம் வசந்தத்தில் அவனே வாங்க வேண்டியிருந்தது, மனைவி நெடாவுக்கு. ஆயிரத்து இருநூறு லெவாவுக்கு மேல் வழியில்லை. ஒழுகின கூரை சாப்பிட்டது போக மிஞ்சியது அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரும் காட்டில்தான் இருப்பார்கள். பிறகு ஒரு நாள் ஆட்டுப்பாறை இறக்கத்தில், மனோல் கட்டிக் கொடுத்த வண்டியிலிருந்து நெடா விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கை கூடிவிட்டது, ஆனால் அதன் பிறகு மூன்று வருடமாக அவள் சைக்கிளைத் தொடவில்லை. மனோல் தனியாகப் போனான். போனதில் சந்தோஷமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மேலே முகட்டில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்னும்போது, "அங்க பாரேன்" என்று சொல்ல ஆளில்லாமல் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். 

அவளைப் பயம் பிடித்துக்கொண்டது என்று அவனே தீர்மானித்து, அவனே வைத்தியமும் பார்த்தான். சமதரைக்குக் கூப்பிட்டான். முழங்கால் கவசம் வாங்கிக் கொடுத்தான். பயத்தை வெல்வது எப்படி என்று யாரோ பேசும் வீடியோக்களை அனுப்பினான். நெடா எல்லாவற்றுக்கும் சிரித்தாள், எதற்கும் வரவில்லை.

இந்த முறை அவன் விடாமல் கெஞ்சியதும் சொன்னாள். "சரி, ஒரே ஒரு வண்டி. அதுவும் எனக்கு ஒத்து வரலன்னா, சாகுற வரைக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. சம்மதமா?"

அவன் சத்தியம் செய்தான். செய்த பிறகுதான் உறைத்தது. தப்பான வண்டி வாங்கினால் இனி ஆயுளுக்கும் ஞாயிறு தனியாகத்தான்.

அதற்கப்புறம் அந்த மாதம் முழுக்க அவன் மனிதனாகவே இல்லை. அந்தப் பணத்துக்குக் கடையில் கிடைத்த புது வண்டிகளுக்கு மினுமினுப்புக்குக் குறைவில்லை, ஆனால் முன் ஸ்பிரிங்கை அமுக்கினால் உலக்கையை அமுக்குவது போலிருந்தது. பழைய வண்டிகளின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வெல்டிங்கைப் பார்த்தான்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டடா," என்றான் லிஃப்டில் கூட வேலை செய்யும் ஆசென்.

"பொண்ணுக்கு ஸ்பிரிங் கிடையாதுடா."

கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் ஷிரோகா லூகாவில் ஒன்று அகப்பட்டது. எஃகுச் சட்டம், எண்ணெய் பிரேக், தடித்த அச்சு. விற்கிறவள் பெயர் ருஸ்கா, பாலாடைக்கட்டிப் பண்ணையில் வேலை. ஆயிரத்து முந்நூறு கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே நெடாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ருஸ்காவின் முற்றத்தில் மனோல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். வெல்டிங் மேல் நகத்தை ஓட்டினான். குறை சொல்ல டயரைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. பிறகு வழக்கப்படி நிமிர்த்தி, காலைத் தூக்கிப் போட்டுத் தானே ஏறினான். நெடாவுக்கு என்று கட்டிய பழைய வண்டியிலும் முதலில் ஏறிப் பார்த்து "பிரமாதம்" என்றவன் அவன்தான். இதில் முழங்கால் போய் ஹேண்டில்பாரில் இடித்தது.

"சர்க்கஸ் கரடி மாதிரி இருக்கீங்கண்ணே," என்றாள் ருஸ்கா. "வண்டி யாருக்கு?"

"இவளுக்குத்தான்." மனோலின் முகம் விழுந்துவிட்டது. "சட்டம் ரொம்பச் சின்னதும்மா. படத்துல தெரியல. வேணாம் நெடா, வா போலாம். வேற பாக்கலாம்."

நெடா நகரவில்லை. "வந்ததுக்கு நான் ஒரு தடவை ஏறிப் பாத்துடறேனே."

பழைய சைக்கிள் விற்கிற இடத்தில் எங்கேயும் ஒரு முறை உண்டு. ஓட்டிப் பார்க்கப் போகிறவர் எதையாவது ஈடாக வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நெடா பையைத் துழாவினாள். பர்ஸை வீட்டில் மறந்திருந்தாள்.

"புருஷனை வெச்சுட்டுப் போறேன். போதுமா?"

ருஸ்கா மனோலை மேலும் கீழும் பார்த்தாள். "எடைக்குப் போட்டாலும் தேறும். போயிட்டு வாங்கக்கா."

நெடா சந்து முனை வரை போனாள். அங்கிருந்து தார் ரோட்டுக்குத் திரும்பாமல், பைன் காட்டுக்குள் ஏறும் பாதையில் திரும்பிவிட்டாள்.  ருஸ்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு காட்டையே பார்த்தான். மோரில் ஈ விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"அவளுக்குப் பயம்மா. மூணு வருஷமா சைக்கிள் பக்கமே போகல."

"பயந்தவங்க தார் ரோட்டுலல்ல போவாங்க," என்றாள் ருஸ்கா.

நெடா வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான், வரவில்லை. ஈடாக வைக்கப்பட்டவன் குவளையைத் திண்டில் வைத்துவிட்டுப் பாதையில் ஓடினான். "அண்ணே, ரெண்டு பேருமா கம்பி நீட்டறீங்க?" என்று ருஸ்கா பின்னால் கத்தினாள்.

வேர்களும் பாறைகளுமாக இருந்த ஒரு சரிவின் தலையில் நெடா நின்றிருந்தாள். சைக்கிள் கால்களுக்கு நடுவே இருந்தது, இரண்டு பாதமும் மண்ணில் ஊன்றியிருந்தன. உறைந்துவிட்டாள் என்று நினைத்து, "இறங்கி நடந்து வா" என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் மிதித்துவிட்டாள். முன்சக்கரம் குதித்தது, வேரில் நழுவியது, நிமிர்ந்தது. அவன் பக்கத்தில் வந்ததும் பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்றாள். முகமெல்லாம் சேறு, சேற்றுக்கு நடுவே சிரிப்பு.

"திரும்பத் திரும்ப ஏறி இறங்கிட்டிருக்கேன். விட மனசு வரல."

"பயம் போயிடுச்சா?"

"என்ன பயம்?"

"ஆட்டுப்பாறைல விழுந்தியே, அந்தப் பயம்."

நெடா முகத்துச் சேற்றைப் புறங்கையால் துடைத்தாள். "எனக்குப் பயம்னு உனக்கு யாரு சொன்னா? அந்த வண்டில எனக்குக் கால் எட்டாது மனோல். அன்னிக்கு நிறுத்தணும்னு காலை வெச்சேன், கீழ தரையே இல்ல. அதான் விழுந்தேன்."

"சீட்டைத்தான் இறக்கிக் குடுத்தேனே."

"சீட்டை இறக்கினே. நடுவுல போற கம்பிய எப்படி இறக்குவே?"

 தெருவில் நடந்து போகிறவனைப் பார்த்தே அவனுக்கு எந்த அளவுச் சட்டம் என்று சொல்லக்கூடியவன் மனோல். நெடாவின் பழைய வண்டிச் சட்டம் ஓர் அளவு பெரிது என்பது வாங்கும்போதே தெரியும். பாதி விலைக்குக் கிடைத்தது, நல்ல எஃகு, சீட்டை இறக்கினால் சரியாகப் போயிற்று என்று விட்டுவிட்டான். ஊருக்குத்தான் உபதேசம்.

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? குளிர்காலம் பூரா உக்காந்து அதைக் கட்டினே. எனக்குப் பிடிச்ச நீலம் வேணும்னு பிளவ்டிவ் வரைக்கும் போய்ப் பெயின்ட் வாங்கிட்டு வந்தே. நல்லாருக்கான்னு கேட்டப்ப உன் மூஞ்சி இருந்த இருப்புக்கு, நல்லாருக்குன்னுட்டேன். அப்புறம் விழுந்தேன். அதுக்கப்புறம் சொன்னா, உன்னாலதான் கை உடைஞ்சதுன்னு ஆயிடாதா?"

அவன் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். வெட்கமாக இருந்தது. அதைவிட, இவ்வளவையும் மனதுக்குள் பூட்டிக்கொண்டு அவள் தன்மேல் வைத்திருந்த பிரியம்தான் தாங்கவில்லை. மூன்று வருடம் அவளுக்கு வைத்தியம் பார்த்தானே தவிர, எங்கே வலிக்கிறது என்று ஒரு தடவை கேட்டிருப்பானா?

"கெளம்பு," என்றாள் நெடா. "அந்தப் பொண்ணு போலீசைக் கூப்பிட்டுடப் போகுது."

பேரம் பேசக் கிளம்பி வந்தவன் சைக்கிளின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருக்க, நெடாவே பேசினாள். பின் டயர் தேய்ந்திருப்பதைச் சொல்லியே நூறு லெவா குறைத்துவிட்டாள். ருஸ்கா பணத்தை வாங்கிக்கொண்டு, "நல்லபடியா ஓட்டுங்கக்கா," என்று ஹேண்டில்பாரைத் தட்டிக் கொடுத்தாள்.

மனோல் காரின் பின்கதவைத் திறந்தான்.

"அதை மூடு," என்றாள் நெடா. "நீ கார்ல போ. நான் முகட்டு வழியா வந்துடறேன்."

தனியாகவா, மழை வரும், அந்த வளைவில் சேறு, பின் பிரேக்கை முதலில் பிடி என்று எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. "தண்ணி எடுத்துக்கோ," என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் பீன்ஸ் சூப் வைத்தான். கொதித்ததும் இறக்கினான். மணி பார்த்தான். முகட்டின் மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வாசலுக்குப் போனான், உள்ளே வந்தான், மறுபடி போனான். ஒவ்வொரு ஞாயிறும் அவன் திரும்பி வரும்போது நெடா இந்தக் கேட்டுப் பக்கத்தில்தான் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருப்பாள். இந்தத் துண்டு நிலத்தில் அவ்வளவு களை எங்கிருந்து வருகிறது என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை.

சும்மா நிற்க முடியாமல் அவனும் குனிந்தான். தக்காளிச் செடிகளுக்கு நடுவே விரலால் துழாவிப் பார்த்தான். பிடுங்குவதற்கு அங்கே ஒரு களைகூட இல்லை.