இரண்டு வீட்டுக்கும் ஒரே வெளிச்சம்

என் லேப்டாப் அந்த ஃபைலைத் திறக்கப் பார்த்தது. மாவு மில் மாதிரி இரைந்தது. அப்புறம் திரை நீலமாகி அப்படியே படுத்துவிட்டது. அதனால்தான் காலையிலேயே பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ரொனால்டு அண்ணன் வேலை பார்க்கும் ஸ்டூடியோவின் மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெரு. கீழே மிக்ஸி ரிப்பேர், மேலே கல்யாண ஆல்பம். எங்கள் குடும்பத்திலேயே பெரிய கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கிறது.

"ஏ ஐரினு, செருப்பக் கழட்டிட்டு வா. ஏசி ரூம்."

"ஏசி எங்கண்ணே ஓடுது?"

"ஓடலேன்னாலும் ஏசி ரூம்தான்."

அண்ணன் ஒட்டன்சத்திரத்துக் கல்யாணம் ஒன்றை ஆல்பமாக்கிக்கொண்டிருந்தான். திரை முழுக்க மாப்பிள்ளையின் கன்னம். அதிலிருந்த பருவை மவுஸால் தடவித் தடவி அழித்துக்கொண்டிருந்தான். நான் கன்னத்தை மூடச் சொல்லிவிட்டு என் பென் டிரைவைச் சொருகினேன்.

அந்த ஃபைலுக்குள் இருந்தது மல்லிகை மொட்டு. நிலக்கோட்டைச் சந்தையில் ஒரே கூடையிலிருந்து வாங்கியது. பாதியை, வியாபாரிகள் வெளியூர் வேனில் ஏற்றுவது போலவே சும்மா பாலிதீன் கவரில் போட்டு வைத்தேன். மீதியை எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் கலக்கிய ஒரு கரைசலில் முக்கி எடுத்து, அதே மாதிரிக் கவரில் வைத்தேன். மறுநாள் இதழை மெல்லிசாகச் சீவி, உயிரோடு இருக்கும் செல் மட்டும் பச்சையாக ஒளிரும் சாயத்தை விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சும்மா வைத்த மொட்டு ஜீரோ வாட் பல்பு மாதிரி மங்கிக் கிடந்தது. முக்கி வைத்த மொட்டு, கோயில் திருவிழா சீரியல் லைட் மாதிரி எரிந்தது. நான் போட்ட கத்தலில் லேப் அட்டெண்டர் ஓடி வந்து, "கண்ணாடி ஒடஞ்சிருச்சா பாப்பா?" என்றார்.

அந்த மைக்ராஸ்கோப் எங்கள் கல்லூரியுடையது இல்லை. வேறொரு கல்லூரியில் கெஞ்சி வாங்கிய ஒரே ஒரு காலைப்பொழுது. மறுபடி நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த மெஷின் படங்களைத் தன் சொந்த வகை ஃபைலில் கட்டி வைக்கும். அதற்கென்று உள்ள சாஃப்ட்வேரில்தான் திறக்கும். அதிலிருந்து தனித்தனிப் படமாகவும், ஒவ்வொரு படத்தின் ஒளி அளவை எண்ணாகவும் வெளியே எடுக்க வேண்டும்.

எடுத்து, அன்று மாலை ஐந்து மணிக்குள் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு தாவர ஆய்வகத்தில் ஒரு வருடத்துக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை. எங்கள் துறைப் பேராசிரியை சொர்ணலட்சுமி மேடம் படங்களைப் பார்த்துச் சரி என்றால்தான் பரிந்துரை செய்வார். கிடைக்கவில்லையா, பி.எட். அம்மா டீச்சர், பெரியம்மா டீச்சர், மாமா ஹெட்மாஸ்டர். எங்கள் வீட்டில் டீச்சர் என்பது வேலை இல்லை, ரத்த குரூப். எனக்கு டீச்சர்கள் மீது கோபமெல்லாம் கிடையாது. எனக்கு அந்தப் பச்சை வெளிச்சத்தை மறுபடி பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

"இம்புட்டுப் படமா? எந்த வீட்டுக் கல்யாணம்?" என்றான் அண்ணன். நான் முந்தின வாரமே அந்த சாஃப்ட்வேரின் இலவச வகையை இங்கே போட்டு வைத்திருந்தேன். கன்னத்தைத் திறக்கிற வேகத்தில் மொட்டுகளையும் திறந்துவிட்டது அந்தக் கம்ப்யூட்டர்.

"எல்லாத்தையும் தனித்தனியா எக்ஸ்போர்ட் பண்ணணும்ணே. மொதல்ல படம், அப்புறம் நம்பர்."

"படத்த நான் பாத்துக்கறேன். ஒரு நாளைக்கு ஆயிரம் படம் வெளிய எடுக்கறவன்கிட்ட வந்து பாடம் எடுக்காத."

அதே நேரம் அம்மா போன். உள்ளே டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மாடிப்படிக்கு ஓடினேன்.

"ஏண்டி, அந்தக் கான்வென்ட் காலேஜ் சிஸ்டர் கேட்டாங்க. பி.எட். சீட்டு ஒண்ணு பிடிச்சு வைக்கச் சொல்லட்டா?"

"சாயங்காலம் வரைக்கும் பொறும்மா."

"சாயங்காலம் என்னத்த மாறப் போகுது? மல்லிகப்பூவுக்கு உசுரு இருக்கா இல்லையான்னு பாக்கற வேலைய யாருடி சம்பளம் குடுத்துச் செய்யச் சொல்லுவா?"

"பெங்களூர்ல சொல்லுவாங்கம்மா."

"ம்க்கும்" என்று வைத்துவிட்டாள். உள்ளே திரும்புவதற்குள் வாட்ஸ்அப் டொடொடொடொங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாப் படத்தையும் அண்ணன் அனுப்பிவிட்டான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒன்றையும் திறந்து பார்க்காமல் அப்படியே மேடத்துக்குத் தள்ளிவிட்டேன். தள்ளிவிட்டு, அண்ணன் வாங்கி வைத்திருந்த பன் பட்டரைப் பிய்த்து வாயில் போட்டேன்.

பன் முழுங்குவதற்குள் மேடம் கூப்பிட்டார்.

"என்னம்மா ஐரின் இது? முக்கி வச்சது எது, சும்மா வச்சது எது?"

"பேர் போட்டிருக்கேன் மேடம்."

"பேர் தெரியுது. வித்தியாசம்தான் தெரியல. ரெண்டும் ஒண்ணு போலத்தான எரியுது. நீ போன்ல அம்புட்டுக் கத்து கத்துனியே, சீரியல் லைட்டு, ஜீரோ வாட்டுன்னு."

திறந்து பார்த்தேன். மேடம் சொன்னது நிஜம். சும்மா வைத்த மொட்டும் பளபள. முக்கி வைத்த மொட்டும் பளபள. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்.

"கண்ணால பாத்தேன் மேடம். சத்தியமா."

"நீ பாத்தத வச்சு நான் எழுத முடியாதும்மா. படத்துல இருக்கணும். நாலரைக்குள்ள ஏதாச்சும் இருந்தா அனுப்பு. இல்லேன்னா இந்தத் தடவ விட்டுருவோம்."

போனை வைத்தபின் நான் செய்த முதல் காரியம், என் கண்ணைச் சந்தேகப்பட்டது. ஆசைப்பட்டதைத்தான் பார்த்தேனோ? லென்ஸை மாற்றும்போது விளக்கைக் கூட்டிவிட்டேனோ? சும்மா வைத்த மொட்டின் படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனேன். செல்லுக்கு வெளியே, ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில், பொடிப் பொடியாக ரவை தூவினது போல இருந்தது. முக்கி வைத்த மொட்டின் படத்தில் அந்த ரவை இல்லை. அங்கே சுத்தமான கருப்பு.

இந்த ரவையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே? எங்கள் சித்தப்பா கல்யாண ஆல்பத்தில்! மண்டபத்தில் கரண்ட் போனபோது எடுத்த பந்திப் படம். இருட்டில் எடுத்ததை அண்ணன் வெளிச்சமாக்கியதில், சித்தப்பா முகமெல்லாம் ரவா உப்புமா.

"அண்ணே. இந்தப் படத்தைத் தொட்டியா?"

"எதை?"

"வெளிச்சம் கூட்டுனியா?"

அண்ணன் நாற்காலியைத் திருப்பினான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பின்ன? பாதிப் படம் இருட்டடிச்சுக் கெடந்துச்சு. எக்ஸ்போர்ட் போடுறப்ப ஆட்டோன்னு ஒரு பொட்டி இருந்துச்சு, டிக் பண்ணுனேன். அதுவே ஒவ்வொரு படத்துக்கும் பாத்துப் பாத்து ஏத்திக்கிருச்சு. அருமையான சாஃப்ட்வேரு."

"யாரு ஏத்தச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? இங்க பாரு பிள்ள. ஆல்பத்துல மாப்ள வீட்டுக்காரவுக பளிச்சுன்னு இருந்து, பொண்ணு வீட்டுக்காரவுக மங்கலா இருந்தா என்னாகும் தெரியுமா? போன மாசம் ஒரு மாமனார் ஆல்பத்தத் தூக்கி இந்த டேபிள்ல அடிச்சாரு. எங்க ஆளுகள மட்டும் இருட்டுல நிறுத்தி வச்சிருக்கியான்னு. அன்னைலருந்து ரெண்டு வீட்டுக்கும் ஒரே வெளிச்சம். அதான் இந்த ஸ்டூடியோ சட்டம்."

"அண்ணே, இதுல ஒரு வீடு இருட்டா இருக்கறதுதாண்ணே என் ஆராய்ச்சியே!"

அண்ணன் திரும்பித் திரையைப் பார்த்தான். "அப்ப நான் பொண்ணு வீட்டையும் மாப்ள வீட்டையும் ஒண்ணாக்கிட்டேனா?"

"செத்த மொட்டுக்கெல்லாம் உசுரு குடுத்துட்ட."

"நல்ல காரியந்தான?" என்றான். நான் பட்டர் தடவிய கத்தியை எடுத்தேன். "சரி சரி. ஒரிஜினல் அப்படியேதான் இருக்கு. கத்தியக் கீழ வை."

ஒரிஜினல் அப்படியேதான் இருந்தது. அதை நினைக்கும்போது இப்போதும் நிம்மதியாக மூச்சு வருகிறது. ஆட்டோ மாற்றியது வெளியே வந்த படங்களைத்தான். உள்ளே, மெஷின் கட்டி வைத்த எண்களை யாரும் தொடவில்லை.

மறுபடி முதலிலிருந்து. ஆட்டோ டிக்கை எடுத்தோம். இருட்டுக்கு ஒரு எல்லை, வெளிச்சத்துக்கு ஒரு எல்லை, இரண்டையும் எல்லாப் படத்துக்கும் ஒன்றாக வைக்க வேண்டும். நான் ஒவ்வொரு படமாகத் திறந்து அடிக்க ஆரம்பித்தேன். அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான்.

"இப்படிப் போனா நாளைக்குத்தான் முடியும். ஒரு போட்டோல செட்டிங் வச்சு மத்ததுக்கெல்லாம் ஒட்டுவோம்ல, அந்த மாதிரி ஒண்ணு இதுலயும் இருக்கும்." தேடினான். இருந்தது. மொத்தமும் ஒரே அடியில் மாறியது. ஒரு வரிசை மொட்டு பச்சையாக எரிய, அடுத்த வரிசை மங்கி அடங்கியது. நான் அன்று பார்த்தது இதுதான். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை! நான் குதித்ததில் கீழே மிக்ஸி கடைக்காரர் கம்பால் மேல்தளத்தைத் தட்டினார்.

இந்தப் படங்கள் பார்ப்பதற்கு. அளந்து பார்க்கிறவர்களுக்கு, எதையும் குறைக்காத டிஃப் வகை ஃபைலும் வேண்டும். அதையும் எடுத்தோம். அண்ணன் அதைச் சாதாரணமாகப் படம் திறக்கிறதில் திறந்தான்.

"ஏ ஐரினு... போச்சு. எல்லாம் கருப்பு. மொத்தமா கருப்பு."

"கருப்பாத்தான் தெரியும். மெஷின் ரொம்பப் பெரிய அளவுகோல் வச்சு எழுதிருக்கு. நம்ம படம் அதுல அடிமட்டத்துல நிக்குது. இந்த சாதா சாஃப்ட்வேருக்கு அது இருட்டு. உள்ள நம்பரெல்லாம் பத்திரமா இருக்கு. நீ மட்டும் வெளிச்சம் ஏத்திராத."

அண்ணன் இரண்டு கையையும் மவுஸிலிருந்து தூக்கிக் காட்டினான்.

அடுத்து எண்கள். மொட்டு மொட்டாக அளக்கவே மத்தியானம் ஓடிப்போனது. ஒவ்வொரு மொட்டின் ஒளியும் எக்செலில் வரிசையாக வந்து விழுந்தது. முக்கி வைத்தவை உயரம், சும்மா வைத்தவை பள்ளம். உயரம், உயரம், உயரம்... அதற்கு நடுவே முக்கி வைத்த மொட்டு ஒன்று பள்ளத்தில் கிடந்தது. படத்தைத் திறந்தேன். அதுவும் மங்கல்தான். அன்று மைக்ராஸ்கோப்பில் நான் கத்திக்கொண்டிருந்த அவசரத்தில் அதைக் கவனிக்கவே இல்லை.

"இத மட்டும் தூக்கிருவோம்" என்றான் அண்ணன். "ஆல்பத்துல கண்ண மூடுன போட்டோவ எடுத்துருவோம்ல, அந்த மாதிரி. யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்கும் விரல் அங்கேதான் போனது. ஒரு வரிசை அழித்தால் போதும், படம் அத்தனை அழகாக ஆகிவிடும். மணி நாலைத் தாண்டியிருந்தது. அழகான படத்துக்கு மேடம் உடனே சரி என்பார். ஆனால் அந்த மொட்டு ஏன் எரியவில்லை? கரைசல் படவில்லையா? கூடையிலேயே கசங்கியிருந்ததா? அழித்துவிட்டால் அந்தக் கேள்வியும் போய்விடும். எனக்கோ அந்தக் கேள்வி ஏற்கெனவே உள்ளே புகுந்து குடைய ஆரம்பித்துவிட்டது.

"இருக்கட்டும்ணே. அதுவும் கல்யாணத்துக்கு வந்த ஆளுதான்."

வாட்ஸ்அப் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டேன். அது படத்தைப் பிழிந்து சக்கையாக்கித்தான் அனுப்பும். எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு இணையத்தில் ஏற்றி, மேடத்துக்கு லிங்க் அனுப்பினோம். ஸ்டூடியோ இணையம் நொண்டியது. அண்ணன் தன் போனை ஜன்னல் கம்பியில் கட்டி, அதிலிருந்து நெட் கொடுத்தான். பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. ஊர்ந்து முடிந்தபின் போன் வருவதற்குள் நான் மாடிப்படியை எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று மிக்ஸி கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

"ஐரின்." மேடம் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. "இப்ப எப்படி வித்தியாசம் வந்துச்சு? நீ ஏதும் ஏத்தி இறக்குனியா?"

"காலைல ஏத்தி இறக்குனதுதான் மேடம் தப்பு. ஆட்டோ ஒவ்வொரு படத்தையும் தனியா வெளிச்சமாக்கிருச்சு. இப்ப எல்லாத்துக்கும் ஒரே எல்லை. சந்தேகம்னா டிஃப் இருக்கு, எக்செல் இருக்கு, மெஷின் ஃபைலும் அதே லிங்க்லயே இருக்கு."

"டிஃப்ப அளந்து பாத்துட்டேன். எக்செலோட ஒத்துப் போகுது. அந்த ஒரு மொட்டு மட்டும் ஏம்மா செத்துக் கெடக்கு?"

"தெரியல மேடம்."

"தெரியலங்கறத அப்படியே ஒரு வரி எழுது. அடுத்து எப்படிப் பாப்பேன்னு இன்னொரு வரி. அஞ்சு நிமிஷத்துல அனுப்பு. நான் பரிந்துரையத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

எழுதினேன். போனது. ஐந்து மணிக்கு முன்பே போனது.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து மெயில் வந்தபோதும் நான் ஸ்டூடியோவில்தான் இருந்தேன். வேலை கொடுத்துவிட்டோம் என்று அதில் இல்லை. வியாழக்கிழமை வீடியோவில் நேர்காணல். மெஷின் ஃபைலைக் கையில் வைத்திருக்க வேண்டும், அந்த மங்கலான மொட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று இருந்தது. நான் சத்தமாகப் படித்தேன். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு இன்னும் சத்தமாகப் படித்தேன்.

"எரியாத பூவப் பத்தியா கேக்குறாங்க?"

"ஆமாம்மா. அதப் பத்தித்தான்."

"சரி. சிஸ்டர்கிட்ட இப்பதைக்கு ஒண்ணும் சொல்லல. வியாழக்கெழம அந்தப் பச்சச் சுடிதார் போட்டுக்க. முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காராத."

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தான். ஒட்டன்சத்திரத்து ஆல்பம் இன்னும் முடியவில்லை. பொண்ணு வீட்டு ஆட்கள் பந்தலின் ஓரத்தில் இருட்டில் நின்றிருந்தார்கள். அவன் கை வெளிச்சப் பட்டனுக்குப் போய், பாதியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இத ஏத்தட்டா?"

"அது கல்யாணம்ணே. நல்லா ஏத்து."