பத்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து எண்பத்தொன்று

"நம்ம எண்ண எழுதுங்க," என்றார் டுடோரியல் நிறுவனர் ராமகிருஷ்ணன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடி. "அது ஏன் பகா எண்ணுனு புள்ளைங்களுக்கு நடத்துங்க. நல்லா நடத்தினா கீழ்பென்னாத்தூர் கிளை உங்களுக்குத்தான்."

கோபி கரும்பலகையில் 1018081 என்று எழுதினான். திருவண்ணாமலையில் இந்த டுடோரியலைக் கடந்து போகிறவர்கள் எல்லோருக்கும் அந்த எண் தெரியும். ஐந்து வருடமாக வெளிச்சுவரில் நீலப் பெயின்ட்டில் இருக்கிறது: 'எதனாலும் வகுபடாதது. கண்டறிந்தவர் எங்கள் நிறுவனர்.'

கோபி இரண்டாம் வருடத்தில் காலேஜை விட்டவன். செங்கம் ரோட்டு லாட்ஜில் இரவுக் காவல் முடிந்து, குளித்துவிட்டு நேராக வந்திருந்தான். பட்டம் இல்லாதவனை மற்ற டுடோரியல்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. இவர் ஒருவர்தான் நடத்திக் காட்டச் சொன்னார்.

"ஒரு எண்ணு வகுபடும்னா, வகுக்கற எண்ணுல ஒன்னாவது அதோட வர்க்கமூலத்தத் தாண்டாது," என்று ஆரம்பித்தான். "அதுவரைக்கும் பகா எண்ணுங்களால வகுத்துப் பாத்தா போதும்."

பக்கத்துச் சுவரில் ராமகிருஷ்ணன் கைப்பட எழுதிய சார்ட். இரண்டில் தொடங்கி 997 வரை நூற்று அறுபத்தெட்டு பகா எண்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே மீதி. ஒரு கோடை விடுமுறை முழுக்க வகுத்திருக்கிறார்.

"ஆயிரத்தோட வர்க்கம் பத்து லட்சம். அதனால ஆயிரத்தோட நிறுத்திட்டேன்," என்றார் பின்னாலிருந்து.

கோபி எண்ணை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். பத்து லட்சம். பதினெட்டாயிரம். எண்பத்தொன்று. சொல்லும்போதே மூன்றாகப் பிரிந்து நின்றது. ஆயிரத்தின் வர்க்கம். ஆயிரத்தை ஒன்பதால் பெருக்கி இரட்டித்தது. ஒன்பதின் வர்க்கம். சேர்த்தால் 1009-இன் வர்க்கம். பத்து லட்சத்துக்கு மேல் இருந்த மிச்சத்தை மனுஷன் கண்டுகொள்ளவே இல்லை. சார்ட்டில் இன்னும் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் 1009 வந்திருக்கும். மீதி பூஜ்யம்.

வாயை மூடிக்கொண்டால் வேலை. அவ்வளவுதான் விஷயம்.

முன் பெஞ்சில் உம்மே ஹானி கையைத் தூக்கினாள். "சார், இது பத்து லட்சத்த விட ஜாஸ்திதானே? ஆயிரத்தத் தாண்டியும் கொஞ்சம் பாக்க வேணாமா?"

"உக்காரும்மா," என்றார் ராமகிருஷ்ணன். "இருவத்திரண்டு மார்க் வாங்கிட்டு எனக்கே கணக்கு சொல்ல வந்துட்டா."

வகுப்பு சிரித்தது. அவள் காது சிவந்தது. கை மட்டும் இறங்கவில்லை.

"புது சார், நீங்க சொல்லுங்க."

அவள் கோபியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கணும்," என்றான். "ஒரு ஒம்போது தாண்டிப் பாக்கணும்."

1009. அதன் கீழே இன்னொரு 1009. கோடு போட்டுப் பெருக்கினான். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதால் பெருக்கியதை ஒரு வரியிலும் ஆயிரத்தால் பெருக்கியதை அடுத்த வரியிலும் எழுதி, வலது ஓரத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தான். பிள்ளைகள் வழக்கம்போல் சத்தமாகக் கூடவே சொன்னார்கள்.

"ஒன்னு."

"எட்டு."

"பூஜ்யம்."

கடைசி பெஞ்சிலிருந்தும் ஒரு குரல், பழக்க தோஷத்தில், அவர்களோடு சேர்ந்து கூட்டிக்கொண்டு வந்தது. நாலாவது இலக்கத்தோடு அது மட்டும் நின்றுவிட்டது. இன்னும் மூன்று இலக்கங்கள் இருந்தன.