ஆறு மணி நேர விதி

அந்தப் பெரிய திரையை மூன்றாம் மாடியில், தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டச் சொன்னது அவள்தான். யாராக இருந்தாலும் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அந்தப் பக்கம் வந்துதானே ஆகவேண்டும்.

அது பாலங்களையும் பெரிய கூரைகளையும் வடிவமைக்கிற நிறுவனம். கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கணினிக்குள் கட்டி, அதன்மேல் காற்றை வீசவிட்டு, ஆளை நடக்கவிட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். அந்த சிமுலேஷன் கணக்கு ஒன்று முடிய இரண்டு நாளும் ஆகும், ஆறு நாளும் ஆகும். அதற்கென்றே நானூறு கணினிகள் தரைத்தளத்தில் ஒரு குளிர் அறையில் இரைந்துகொண்டிருந்தன. அவற்றை யாருக்கு எப்போது கொடுப்பது, எது ஓடுகிறது, எது பாதியில் படுத்துவிட்டது என்று பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. பத்து வருஷமாக அந்தப் பொறுப்பு என்றால் தொலைபேசிதான். "என் ரன் எங்க இருக்கு?" "எனக்கு முன்னாடி எத்தனை பேரு?" "நேத்து போட்டது உயிரோட இருக்கா?" காலை ஒன்பது மணியிலிருந்து இதே பாட்டு.

திரை வந்ததும் அந்தப் பாட்டு நின்றது. அவள் ஏழு மாதம் உட்கார்ந்து எழுதிய மென்பொருள், ஒவ்வொரு கணக்கையும் அது ஓடும்போதே கூடவே போய்ப் பார்த்தது. ஒரு கணக்குக்கு ஒரு வரி. எண்கள் ஒழுங்காக ஒரு நிலைக்கு வந்து சேர்ந்தால் பச்சை. கொஞ்சம் தடுமாறினால் மஞ்சள். நிலைக்கே வராமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் சிவப்பு.

மேலாளருக்கு வாயெல்லாம் பல். வெளியிலிருந்து யார் வந்தாலும் முதலில் அந்தச் சுவருக்குத்தான் கூட்டிவந்தார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். வரிக்குப் பக்கத்தில் ஆள் பெயர் வேண்டும் என்றார். போட்டாள். மாதம் யாருக்கு எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு என்ற மொத்தம் வேண்டும் என்றார். அதையும் போட்டாள். கடைசியில், ஆறு மணி நேரம் தொடர்ந்து சிவப்பிலேயே நிற்கும் கணக்கை மென்பொருளே நிறுத்திவிட வேண்டும் என்றார்.

"தேறாத கேஸுக்கு எதுக்கும்மா மெஷினைக் கட்டிப்போடணும்? வரிசைல எத்தனை பேர் நிக்கறாங்க."

நியாயமாகத்தான் பட்டது. ஒரே பிற்பகலில் எழுதி முடித்தாள். நாலு மாதத்தில் காத்திருக்கும் வரிசை பாதியாகக் குறைந்தது. சிவப்பு வரிகளும் குறைந்துகொண்டே வந்தன. ஒருவர் பெயருக்கு நேரே மட்டும் குறையவில்லை. அது அவளுடைய அண்ணன்.

அண்ணன் அவளைவிட ஆறு வயது மூத்தவன். அதே நிறுவனத்தில், காற்றின் விசையைக் கணக்கிடுகிற பொறியாளன். மேல் வீட்டில் அண்ணனும் அண்ணியும், கீழ் வீட்டில் அவளும் கணவரும். காலையில் அண்ணன் காரில்தான் இருவரும் அலுவலகம் வருவார்கள். அப்போது அவன் கையில் இருந்தது ரயில் பாதைகளுக்கு மேலே போகிற நீளமான, மெல்லிய நடைபாலம். விநாடிக்கு ஐந்து மீட்டரில் தொடங்கி நாற்பது வரை, ஒவ்வொரு காற்று வேகமாக வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தான். எல்லாம் பச்சை. பதினான்கில் மட்டும் சிவப்பு. ஆறு மணி நேரம் ஆனதும் மென்பொருள் நிறுத்தியது. எதையாவது மாற்றி மறுபடி போட்டான். மறுபடி நின்றது. இப்படிப் பதினொரு தடவை.

தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் அவனுக்குச் 'சிவப்பண்ணா' என்று பெயர் வைத்தார்கள். அவன் காதிலும் அது விழுந்தது. சிரித்துவிட்டுப் போனான். அவள் காதில் விழுந்தபோது அவளுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் அண்ணன் எழுந்து, "பதினாலுக்கு மட்டும் அந்த ஆறு மணி நேர விதியை எடுத்துட முடியுமா? எனக்கு என்னமோ..." என்று தொடங்கினான்.

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "ஒருத்தருக்கு எடுத்தா எல்லாருக்கும் எடுக்கணும். விதின்னா விதிதான்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அண்ணன் என்றும் பார்க்காமல் பேசுகிறாளே என்ற மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது. அதற்காகத்தான் பேசினாள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அண்ணன் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வாரம் அந்தக் கணக்கு வேறொருவன் கைக்குப் போனது. எதைக் கொடுத்தாலும் விசுக்கென்று முடிப்பதால் அவனுக்கு 'விசுக்கு' என்றே பெயர். பதினான்கையும் முதல் தடவையிலேயே பச்சையாக்கிக் காட்டினான். அறிக்கையில் அண்ணன் கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமை அனுப்பிவிடலாம். அண்ணன் போடமாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்குத் திருப்தி இல்ல" என்றதோடு சரி. மேலாளர் அவனை அந்தத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து பக்கத்துக் கொடியில் போர்வையை விரித்தாள்.

"உங்கிட்ட கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். சாப்பிட உக்காந்தா தட்டையே பாத்துட்டு இருக்காரு. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. ஒண்ணுமில்லாததுக்கா மனுஷன் நாலு நாளா தாடிகூட எடுக்கல?"

"ஆபீஸ்ல ஒரு கணக்கு சரியா வரல அண்ணி. அவ்வளவுதான்."

"அவர் தப்பாப் போட்டிருந்தா தப்புன்னே சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஆனா நீ பாத்துட்டுத்தான் சொல்றியா?"

மென்பொருள் பார்த்தது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கிவிட்டு ஒரு சட்டையை இரண்டாவது தடவை உதறினாள்.

திங்கட்கிழமை அறிக்கையின் பின்னிணைப்புக்காக, அந்தப் பாலத்துக்கு ஓட்டிய கணக்குகளையெல்லாம் பட்டியல் போட வேண்டியிருந்தது. நிறுத்தப்பட்ட கணக்கு ஒவ்வொன்றுக்கும் அது எப்படி ஏறி இறங்கியது என்ற வரைபடத்தை மென்பொருள் சேமித்து வைத்திருந்தது. இத்தனை மாதத்தில் அவற்றில் ஒன்றையாவது அவள் திறந்ததில்லை. திறக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. சிவப்பு என்றால் சிவப்பு.

அண்ணனுடைய முதல் சிவப்பைத் திறந்தாள். பிறகு இரண்டாவதை. மூன்றாவதைத் திறந்ததும் மிச்ச எட்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

கணக்கு கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தறிகெட்டு ஓடும். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. இங்கே பதினொன்றும் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை வரைந்த மாதிரி இருந்தன. அண்ணன் ஒவ்வொரு தடவையும் எதையோ மாற்றியிருந்தான். ஆனாலும் முக்கால் விநாடிக்கு ஒரு மேடு, முக்கால் விநாடிக்கு ஒரு மேடு. ஒவ்வொரு மேடும் முந்தியதைவிட ஒரு மயிரிழை உயரம். அந்த முக்கால் விநாடியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அறிக்கையின் முதல் பக்கத்தைப் புரட்டினாள். அந்தப் பாலத்தைத் தட்டிவிட்டால் அது இயல்பாக ஒருமுறை முறுக்கிக்கொண்டு ஆட எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

கணக்கு தடுமாறவே இல்லை. பாலம்தான் ஆடியிருக்கிறது. அது ஆட ஆரம்பிக்கும் ஒவ்வொரு முறையும் அவள் எழுதிய விதி வந்து திரையை மூடியிருக்கிறது.

விசுக்குவின் பச்சைக் கணக்கையும் திறந்தாள். அவன் ஏமாற்றவில்லை. நேரத்தைப் பெரிய பெரிய துண்டுகளாக வெட்டிக் கணக்குப் போட்டிருந்தான். அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். ஆனால் அவ்வளவு பெரிய துண்டுக்குள் பாலத்தின் ஓரத்தில் உண்டாகும் காற்றுச் சுழல்கள் காணாமல் போய்விடும். வரி பச்சையாக வேண்டும் என்று நினைத்தான், ஆயிற்று. அப்படி நினைக்க வைத்தது யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பதினொரு வரைபடத்தையும் அச்செடுத்துக்கொண்டு அண்ணன் மேசைக்குப் போனாள்.

"பதினொண்ணும் ஒரே மாதிரி இருக்கு."

அண்ணன் நிமிரவில்லை. "ம்."

"உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. ஆறு மணி நேரத்துல அது ஆட ஆரம்பிக்குதுன்னுதான் தெரியும். எவ்வளவு ஆடும், எங்க போய் நிக்கும்னு தெரியணும்னா முழுசா ஓடணும். பாதிக் கணக்கை வெச்சுக்கிட்டு பாலம் ஆடும்னு சொன்னா யாரு கேப்பா? அதுவும் நான் சொன்னா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. கார்ல ஒண்ணாத்தானே வர்றோம்."

"மீட்டிங்ல சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கிட்ட."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

செவ்வாய் காலை ஒன்பது பத்துக்கு, பதினான்கு மீட்டர் கணக்கை அண்ணன் முதலில் வைத்திருந்தபடியே ஓடவிட்டாள். அதற்கு மட்டும் விதியை எடுத்தாள். வரிசையில் நின்ற மற்றவற்றை நிறுத்திவைத்து நானூறு கணினிகளையும் அதற்கே கொடுத்தாள். பதினொரு மணிக்குச் சுவரில் அந்த ஒரே வரி சிவப்பாக மாறியது. பதினொன்றேகாலுக்கு மேலாளர் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு ஆரம்பிச்சீங்க?"

"யாரையும் கேக்கல சார்." அச்செடுத்த தாள்களை மேசைமேல் பரப்பினாள். "விதியை எழுதினது நான். சிவப்புன்னா கணக்கு தப்புன்னு நானா முடிவு பண்ணிட்டேன். பொருளே ஆடினாலும் அப்படித்தான் தெரியும்னு எனக்குத் தோணல. தோணியிருக்கணும்."

மேலாளர் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவரும் ஒரு காலத்தில் கணக்குப் போட்டவர்தான். உட்காரும்போது முகம் மாறியிருந்தது.

"வெள்ளிக்கிழமை காலைல எனக்கு ஒரு பதில் வேணும். என்ன கலர்னு சொல்லாதீங்க. பாலம் என்ன ஆகும்னு சொல்லுங்க."

சாயந்தரம் ஐந்து மணிக்கு அந்தச் சிவப்புக்கு ஆறு மணி நேரம் முடிந்தது. திரைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு அப்புறம் ஒரு சிவப்பு என்ன ஆகும் என்று நாலு மாதமாக யாருமே பார்த்ததில்லை. வரி நிற்காமல் ஓடியது. யாரும் ஜோக் அடிக்கவில்லை. விசுக்கு மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

புதனும் ஆட்டம் வளர்ந்தது. வியாழன் பிற்பகல் ஓர் உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்தான். நடுப்பாலத்தின் ஓரம், முக்கால் விநாடிக்கு ஒருமுறை, ஒரு சாண் உயரம் ஏறி இறங்குகிறது. அன்றைக்கே இடிந்து விழாது. ஆனால் அதன்மேல் யாரும் நடக்க முடியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதி வழி வந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வருஷக்கணக்கில் ஆடினால் இணைப்புகள் விட்டுப்போகும். பதினான்கு மீட்டர் ஒன்றும் புயல் இல்லை. கொடியில் போட்ட துணியைத் தூக்கிக்கொண்டு போகிற சாதாரணக் காற்று.

வெள்ளிக்கிழமை மேலாளரே வாடிக்கையாளரைக் கூப்பிட்டு ஆறு வாரம் அவகாசம் கேட்டார். அண்ணன் மறுபடி திட்டத்துக்குள் வந்தான். பாலத்தின் இரண்டு ஓரத்திலும் மூக்கு மாதிரிக் கூரான தகடுகளை வைத்துக் காற்றைப் பிரித்துவிட்டான். மறுபடி ஓட்டியபோது பதினான்கு பச்சையாக வந்தது. பச்சைதானே என்று அவள் விட்டுவிடவில்லை. வரைபடத்தைத் திறந்து கடைசி வரை பார்த்தாள்.

சுவரில் திரை இருந்தது. பெயர்களையும் மொத்தக் கணக்கையும் அவள் எடுத்துவிட்டாள். மேலாளர் தடுக்கவில்லை. ஆறு மணி நேரம் ஆனதும் மென்பொருள் இப்போது எதையும் நிறுத்துவதில்லை. போட்டவருக்கும் அவளுக்கும் ஒரு செய்தி அனுப்புகிறது. இரண்டு பேரும் வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் முடிவு. வரிசை மறுபடி கொஞ்சம் நீண்டது. தொலைபேசியும் அவ்வப்போது அடித்தது.

ஒரு நாள் விசுக்கு அவள் அறை வாசலில் வந்து நின்றான். "அக்கா, என்னோட பழைய பச்சையெல்லாம் ஒரு தடவை தொறந்து பாத்துடலாமா?"

பத்தொன்பது இருந்தன. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்றை மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. அவற்றில் எதுவும் ஆடவில்லை. ஆனாலும் அதற்கப்புறம் அவன் முன்னைப்போல விசுக்கென்று எதையும் முடிப்பதில்லை.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. சிக்னலில் கார் நின்றபோது நேரே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணங்கறதால விட்டுக்கொடுத்துட்டாளேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன். அதான் அன்னிக்கு அப்படிப் பேசிட்டேன்."

"தெரியும். அதனால கோவம் வரல." விளக்கு மாறியது. கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு, "நீ வேணாம்னு சொன்னதுகூடப் பரவாயில்ல. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் இருந்திருக்கலாம்" என்றான்.

பாலம் திறந்து சில மாதம் கழித்து, காற்று பலமாக அடித்த ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் அவள் தனியாக அங்கே போனாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர், கை கோத்துக்கொண்டு இரண்டு பள்ளிப் பெண்கள், தலைமேல் அட்டைப்பெட்டி வைத்த ஓர் ஆள் என்று எல்லோரும் அவரவர் பாட்டுக்குப் போனார்கள். கீழே ஒரு ரயில் கடந்தது. நடுவில் போய் நின்று அண்ணனைக் கூப்பிட்டாள்.

"பாலத்து மேல நிக்கறேன்."

"காத்து எப்படி?"

"முடியெல்லாம் மூஞ்சில அடிக்குது."

"பாலம்?"

"சும்மா கிடக்கு."

மறுமுனையில் அவன் நாற்காலியில் சாய்கிற சத்தம் கேட்டது.

"சரி, நடுவுல நிக்காத. வர்றவங்களுக்கு வழி விடு" என்றான் அண்ணன்.