எதிர்வீட்டு மீட்டர்

மின்சார அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் நான்கு நாளாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப் போகிறார்களாம். சம்மதம், சம்மதமில்லை என்று கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு, வருகிற ஆளிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. என் மகன்தான் இதைப் பெரிய பஞ்சாயத்தாக்கிவிட்டான்.

“போட்டுக்கோம்மா” என்றான் போனில். “அரை மணிக்கு ஒருதடவை எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு என் போன்லயே தெரியும். காலையில நீ கெட்டில் போட்டது தெரிஞ்சா போதும், நான் நிம்மதியா வேலையைப் பார்ப்பேன்.”

“போடலைன்னா?”

“கிளம்பி வருவேன்.”

“அசந்து தூங்கிட்டேன்னா?”

“அப்பவும் வருவேன். இது பிடிக்கலைன்னா ஒண்ணு பண்ணு, இங்கயே வந்துடு.”

சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்பான். எட்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அன்றிலிருந்து இதே பாட்டுதான். அவன் வீடு நான்கு மணி நேரத் தூரத்தில், ஏழாவது மாடியில். மருமகள் தங்கமானவள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அங்கே போனால் சோபாவில் எந்த மூலையில் உட்காருவது என்றுகூட எனக்குத் தெரிவதில்லை. இங்கே நினைத்தபோது எழுகிறேன், நினைத்தபோது விளக்கை அணைக்கிறேன். இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. மீட்டரையும் மனம் ஏற்கவில்லை.

பிடிவாதக்காரி என்று அவன் நினைக்கட்டும். என் காரணம் வேறு.

முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். அந்தக் காலத்து டெலிபோன் பலகையில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சின்ன விசை உண்டு. முன்னே தள்ளினால் பேசுகிறவர்களின் குரல் நம் காதில் விழும். இணைப்புக் கொடுத்தவுடன் விசையைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். ஆனால் பேசி முடித்துவிட்டார்களா என்று பார்க்க நடுவில் ஒரு நொடி தள்ளித்தான் ஆகவேண்டும். அந்த ஒரு நொடியில் ஊர்க் கதையில் பாதி காதில் விழுந்துவிடும். காதில் விழுந்ததை வாயில் எடுக்கக் கூடாது, அதுதான் எங்கள் அறையின் சட்டம்.

ஒரே ஒரு தடவை அதை மீறினேன். மூன்றாவது மாடி நர்ஸ் ஒருத்தி தன் புருஷனிடம், குழந்தைக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் லிஃப்டில் அவளைப் பார்த்ததும், “குழந்தைக்குத் தேவலையா?” என்று விசாரித்துவிட்டேன். பாசமாகத்தான் கேட்டேன், சத்தியமாக. அவள் முகம் செத்துப்போயிற்று. “தேவலை” என்றாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் பலகை வழியாக ஒரு முறைகூடப் பேசவில்லை. பத்து நிமிட இடைவேளையில் மூன்று மாடி இறங்கி, வாசலுக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசிக்குப் போவாள். மழை கொட்டும்போதும் தலையில் ஒரு பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுவாள். இரண்டு வருடம் அதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

என் மகனும் பாசக்காரன்தான். அதுதான் என் பயம். “ரெண்டு மணிக்கு ஏம்மா லைட் எரிஞ்சுது? உடம்பு சரியில்லையா?” என்பான். நான் என் வீட்டிலேயே இருட்டில் தடவிக்கொண்டு நடக்க ஆரம்பிப்பேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மீட்டர்காரர் தோளில் ஏணியோடு வந்துவிட்டார். இன்னும் கட்டம் காலியாகவே இருந்தது.

“எதிர்வீட்டை முடிச்சுட்டு வாங்களேன். அதுக்குள்ள சொல்லிடறேன்.”

“சரிங்கம்மா. முக்கால் மணி நேரம் ஆகும், நல்லா யோசிங்க” என்று சிரித்தார். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

எதிர்வீட்டில் இருப்பவள் தையல்காரி. அவள் மெஷின் போட்டிருக்கும் ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர் இருக்கும். காலையில் நான் ஜன்னலைத் திறந்தால் உடனே கையாட்டுவாள். மீட்டர் மாற்றக் கரண்டை நிறுத்தியதும் அவளுக்குத் தைக்க வழியில்லை. தோளில் தொங்கிய அளவு நாடாவோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

“என்னக்கா இன்னும் யோசனை? போட்டுக்குங்க. எனக்கும் தினம் ஒரு வேலை மிச்சம்.”

“என் மீட்டர்ல உனக்கென்னடி வேலை?”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? இரண்டு அதட்டலில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. நான் விழுந்த வாரமே என் மகன் அவளிடம் பேசி வைத்திருக்கிறான். நான் ஜன்னலைத் திறந்ததும் எனக்குக் கையாட்டிவிட்டு, ‘அம்மா எழுந்தாச்சு’ என்று அவனுக்குச் செய்தி அனுப்புவாளாம். எட்டு மாதமாக, ஒரு நாள் விடாமல்.

எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழித்தெறியத் தோன்றியது. மீட்டரே வேண்டாமென்று நான்கு நாளாக மல்லுக்கட்டுகிறேன், அது எட்டு மாதமாக எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது!

“கோவிச்சுக்காதீங்கக்கா. தம்பி ஜன்னல் திறந்துதான்னு மட்டும்தான் கேட்டாரு, வேற எதுவும் சொன்னதில்ல. ஒரே ஒரு நாள்தான் நீங்க திறக்கல. பதினோரு மணி ஆச்சு. பயந்துபோய் வந்தேன். உள்ள ரேடியோ பாடிட்டு இருந்துச்சு, நீங்க இருமினதும் கேட்டுச்சு. தட்ட மனசு வரல. தம்பிகிட்ட அதை அப்படியே சொல்லிட்டேன்.”

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம் நிறைந்த நாள் அது. அவர் பக்கத்துத் தலையணையில் தலை வைத்து, அவர் ரேடியோவைப் போட்டுக்கொண்டு, எழுந்திருக்கவே பிடிக்காமல் படுத்திருந்தேன். அன்று மூன்றரை மணிக்குத் திடுதிப்பென்று மகன் வந்து நின்றான்.

“அப்பாவோட ட்ரில்லிங் மெஷின் வேணும்மா” என்றான்.

“இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? உங்க ஊர்ல கடையே இல்லையா?” என்று கடிந்துகொண்டேன். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டான். கீச்சிட்ட வாசல் கேட்டுக்கு எண்ணெய் போட்டான். இருட்டுவதற்குள் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். சுவரில் ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாதவனுக்கு எதற்கு அந்த மெஷின் என்று மறுநாள் இதே தையல்காரியிடம் சொல்லிச் சிரித்தேன். கள்ளி, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

எதிரே மீட்டர்காரர் ஏணியை மடக்கும் சத்தம் கேட்டது. மகனுக்குப் போன் போட்டேன்.

“மீட்டர் போட்டுக்கறேன். ஆனா ஒரு நிபந்தனை. பார்க்கறதை எல்லாம் பார்த்துக்கோ. லைட்டை எப்போ போட்டே, ஏன் போட்டேன்னு என்கிட்ட விசாரிக்கக் கூடாது.”

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

“அந்த அக்கா உளறிட்டாங்களா?”

“ஓட்டை வாய். இங்கதான் திருதிருன்னு முழிச்சுட்டு உக்காந்திருக்கா.”

“என்னைக்காவது உன்கிட்ட விசாரிச்சிருக்கேனாம்மா?”

இல்லை. ஒரு நாளும் இல்லை. பலகை முன்னால் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்த நானே தவறிய இடத்தில், இவன் தவறவில்லை.

“அது சரி” என்றேன். “அந்த ட்ரில்லிங் மெஷினை வெச்சு என்னடா பண்ணினே?”

“கார் டிக்கிலயே கிடக்கும்மா. இன்னும் வெளிய எடுக்கவே இல்ல.”

வாசலில் மீட்டர்காரர் செருமினார். நான் தையல்காரியிடம் பேனா கேட்டேன்.