அறுபத்திரண்டாவது வரி

ஒலிபெருக்கி எட்டு நம்பர்களை வாசித்து ஓய்ந்தது. மூவாயிரம் மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு அந்த எட்டுப் பேர்தான். தங்கச்சியின் நம்பர் வரவே இல்லை.

"அக்கா, நீதானே கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருக்கே? என்னை முழுங்கிட்டியா?" ஜன்னலுக்கு வெளியே நின்றவள் கண் கலங்கியிருந்தது. "என் குழுவுல நான்தான் முதல்!"

ஐந்து குழுவாக ஓடிய அறுபத்திரண்டு பேரின் நேரத்தையும் அடித்து, வரிசைப்படுத்தி, முதல் எட்டை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவள் அக்காதான். திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள்.

கடைசி வரி. தங்கச்சி. 9:58.

பத்து நிமிஷத்துக்குள் ஓடியவர் வேறு யாருமே இல்லை!

"சார், பட்டியல் தப்பு!"

தலைமை நடுவர் விசிலை உதட்டிலிருந்து எடுத்தார். "யார் நம்பர் விட்டுப்போச்சு?"

"என் தங்கச்சி."

"அதானே பார்த்தேன்! இப்பத்தான் நேரத்தை மாத்தினியாம்மா? இன்னும் பத்து நிமிஷத்துல இறுதி ஓட்டம்."

அக்கா கீபோர்டை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கைகட்டிக்கொண்டாள். "நேரம் குறிச்ச சீட்டு உங்க ஃபைல்ல இருக்கு. நீங்களே பாருங்க."

புரட்டினார். 9:58. கீழே அவருடைய கையெழுத்தே!

"அப்புறம் ஏன் கடைசியில போட்டுச்சு?"

"என் தப்புதான் சார். எதை வச்சு வரிசைப்படுத்தணுமோ அந்தக் கட்டத்துல நேரத்தை எண்ணா இல்லாம எழுத்தா அடிச்சுட்டேன். கம்ப்யூட்டர் முதல் எழுத்தைத்தான் முதல்ல பார்த்துச்சு. 10:04-ல ஒண்ணு, 9:58-ல ஒன்பது. ஒண்ணுதான் முன்னாடின்னு அடுக்கிடுச்சு. இதுவரைக்கும் இங்க யாரும் பத்துக்குள்ள ஓடலை, அதான் இந்தத் தப்பு மாட்டலை."

"சரி, என்ன பண்ணணும்?"

"எல்லாத்தையும் விநாடியா மாத்தி, அந்த எண்ணை வச்சு அடுக்கணும். நான் சொல்றேன், நீங்க அடிங்க."

ஒற்றை விரலால் குத்தினார் மனிதர். பக்கத்துக் கட்டத்தில் 604, 611, 598 என்று மளமளவென்று எண்கள் இறங்கின. மறுபடி வரிசை. என்டர்!

கடைசி வரி ஒரே தாவலில் உச்சிக்கு ஏறியது.

"எட்டாவதா இருந்த பொண்ணு சார்?"

"அவளும் ஓடட்டும். ஒன்பது பேர் ஓடினா மைதானம் தேய்ஞ்சிடாது!" மைக்கைப் பிடுங்கித் திருத்தத்தை அவரே அறிவித்தார்.

கடைசிச் சுற்றில் தங்கச்சிக்குப் பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடந்தது. அக்கா நாற்காலி மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினாள். நடுவர் அதட்டவில்லை. அவரும் கத்திக்கொண்டிருந்தார்.