மணி அடித்தால் பக்கம் மாறணும்

"இதெல்லாம் உன் வார்த்தையே இல்லடி. உங்கப்பா சொல்லிக் கொடுத்ததுதானே?"

"இல்லம்மா."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மகளை உற்றுப் பார்த்தாள். கணவர் கோபித்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் அந்தப் பேச்சை எடுத்தாலே இவள் அழுதுவிடுவாள். இன்று கண் கலங்காமல், அவர் ஏன் திரும்பி வரவேண்டும் என்று வக்கீல் மாதிரி அடுக்குகிறாள்.

"அப்போ சித்தப்பா வேலையா?"

"ஸ்கூல்ல டிபேட் கிளப்மா. பாதியில மணி அடிப்பாங்க. உடனே எதிர்ப் பக்கத்துக்கு மாறிப் பேசணும்."

"ஓகோ. அப்பாகிட்ட போனா எனக்காகவும் இப்படித்தான் பேசுவியாக்கும்?"

"நேத்தே போய்ப் பேசிட்டேன். அப்புறம் அப்பாவையே உன் பக்கம் பேசச் சொன்னேன்."

"அவரா? எனக்காகவா? யாருகிட்ட கதை விடுற!"

"பேசினார்மா. நடுவுல தண்ணி வாங்கிக் குடிச்சார்."

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் கேட்டாள்: "என்ன சொன்னார்?"

"சொல்றேன்." மகள் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டாள். "முதல்ல நீ அப்பா பக்கம் பேசு. மூணு நிமிஷம் போதும்மா."