இடது பக்கத்துப் படம்

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படக் கண்காட்சி. துரையின் தம்பி சீமையிலிருந்து கொண்டுவந்த இரட்டைப் படங்கள். பெட்டியில் இரண்டு கண்ணாடி. ஒரு கண்ணுக்கு ஒரு படம். இரண்டும் சேர்ந்தால் உருவம் எழுந்து வெளியே வரும்.

லொறி டிரைவர் வீரய்யாவுக்கு இடது கண் தெரியாது. மாசியில் விறகுக்கு, வெட்டிப்போட்ட தேயிலை மிலாறு ஏற்றும்போது குச்சி குத்திவிட்டது. வெளிப்பார்வைக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. பெண்சாதி காளியாயியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் லொறி போய்விடும். மண்வெட்டியோடு மலைக்கு ஏற வேண்டும்.

வெளியே லொறியில் சனம் ஏறிக்கொண்டிருந்தது. அக்கரப்பத்தனையில் திருவிழா. அவன் நழுவப் பார்த்தான். லொறி உதவியாள் மூக்கன் விடவில்லை.

"யானைப் படத்தப் பாக்காம எங்கண்ணே ஓடுறீங்க? முட்டிரும்னு பயமா?"

வரிசையில் நின்று மற்றவர்களைக் கவனித்தான். குனிந்தவர்கள் எல்லோரும் தலையைப் பின்னுக்கு இழுத்தார்கள். முன்னால் நின்ற பேச்சியம்மா, "ஐயோ, தும்பிக்கை!" என்று கையை ஓங்கினாள். அவ்வளவுதானே. இழுத்தால் போயிற்று.

படம் மாற்றிக்கொண்டிருந்தவர் தோட்டத்து டாக்டர் செபமாலை. வீரய்யாவைக் கண்டதும் பெட்டிப் பக்கம் திரும்பி, எதையோ சரிசெய்தார்.

"வா டிரைவர்."

குனிந்தான். யானை தெரிந்தது. வெறும் தாளில், அசையாமல். மூச்சுவிடும் நேரம் பொறுத்து, தலையை வெடுக்கென்று இழுத்தான்.

"யம்மாடி! மூஞ்சிக்கே வந்திருச்சுங்க!"

மூக்கன் கெக்கலித்தான். "பேச்சியம்மாவே தேவல!" என்றபடி லொறிக்கு ஓடினான்.

டாக்டர் சிரிக்கவில்லை.

"முழுசாத் தெரிஞ்சுதா?"

"பளிச்சின்னு தெரிஞ்சுதுங்க."

அவர் பெட்டிக்குள் விரலை விட்டு ஒரு மருந்துச் சீட்டை உருவினார். இடது பக்கத்துப் படத்தை அது முழுக்க மறைத்திருந்தது. இரண்டு கண்ணும் உள்ளவன் கேட்டிருப்பான், இதென்ன தாள் என்று. அவனுக்கு மட்டும் காட்டிவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"போன கெழம அக்கரப்பத்தனை வளைவுல லொறியோட இடது சக்கரம் ஓரத்தத் தாண்டுச்சு. தூக்கக் கலக்கம்னு சொன்ன. பக்கத்துல நான்தான் இருந்தேன்." குரல் தாழ்ந்தது. "நான் யாருகிட்டயும் சொல்லல. லொறில பச்சப் புள்ளைங்க இருக்கு. சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும், நீயே முடிவு பண்ணு."

வெளியே ஹோர்ன் அலறியது.

"அண்ணே! பூசை முடிஞ்சப்புறமா போறது?"

உள்ளங்கையை விரித்துச் சாவியைப் பார்த்தான். அக்கரப்பத்தனை வரைக்கும் பள்ளம் இடது பக்கம்தான்.

வாசலுக்கு வந்தான்.

"மூக்கா. ஆளுகள எறக்குடா."